கூலியும் தர்மமும்

"உங்கள் இஷ்டம்போல் கொடுத்துவிட்டுச் சரக்கை எடுத்துச் செல்லுங்கள்" என்று ஒரு வியாபாரி தன் கடை வாசலில் எழுதி வைத்தால் ஜனங்கள் என்ன சொல்வார்கள்? பாதிப் பேர் அவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். மீதிப் பேர் மகான் என்பார்கள். வீடியோ விளையாட்டுக்களைத் தயாரிக்கும் சிறு தொழிலாளர் பலர் பதினைந்து வருஷங்களுக்கு மேலாக இப்படித்தான் எழுதி வைத்து விற்று வருகிறார்கள். அவர்கள் பைத்தியக்காரர்களுமல்ல, மகான்களுமல்ல. பிழைக்க வழி தேடியவர்கள். அவர்கள் கண்ட அனுபவம் நாம் எல்லோரும் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

விளையாட்டு விஷயந்தானே என்று இதை அலட்சியம் செய்வதற்கில்லை. உழைப்பவனுடைய கூலியை நிர்ணயிக்கும் உரிமை யாருக்கு இருக்க வேண்டும் என்பதே இங்கு கேள்வி. உழைத்தவனுக்கா, வாங்குகிறவனுக்கா, இருவருக்கும் நடுவே நிற்கும் தரகனுக்கா? வாங்குகிறவனுடைய மனச்சாட்சியை நம்பலாம். ஆனால் அதனிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்ற வரம்பு தெரிந்திருக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

இத்தொழிலின் நிலையை முதலில் தெரிந்துகொள்வோம். பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கான சம்பளக்காரர்களை அமர்த்தி, கோடிக்கணக்கான டாலரை முடக்கி விளையாட்டுக்களைத் தயாரிக்கின்றன. அவற்றின் தயவை நாடாமல் இரண்டு பேரோ மூன்று பேரோ, சில சமயம் ஒருவரே, கைப்பணத்தைச் செலவிட்டு வருஷக்கணக்காக உழைத்து ஒரு விளையாட்டை உருவாக்குவதும் உண்டு. இவர்களை 'இண்டி' தயாரிப்பாளர் என்பார்கள்; சுயேச்சைத் தயாரிப்பாளர் என்று நாம் சொல்லலாம். இவர்களுடைய சரக்கில் ஒரு விசித்திரம் உண்டு. நெசவாளி இரண்டாவது வேஷ்டிக்கும் முதல் வேஷ்டிக்குப் பட்ட பாடே பட வேண்டும். இவர்களோ முதல் பிரதிக்கு மூன்று வருஷம் பாடுபடுவார்கள். இரண்டாவது பிரதிக்கு ஒரு காசும் செலவில்லை. ஆகவே, ஒரு பிரதிக்கு நியாய விலை என்னவென்று அளந்து காட்ட எந்தப் படியும் இல்லை. திருட்டுப் பிரதி எடுப்பதும் மிகச் சுலபம்.

2008-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் 'வேர்ல்ட் ஆஃப் கூ' என்ற விளையாட்டு வெளிவந்தது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கம்பெனியை விட்டு வெளியேறிய கைல் காப்லர், ரான் கார்மெல் என்ற இருவர் 'டூ டீ பாய்' என்ற பெயரில் அதைத் தயாரித்தார்கள். விலை 20 டாலர். ஒரு வருஷம் கழிந்ததும், 2009 அக்டோபரில், யாரும் இஷ்டமான விலைக்கு வாங்கலாம் என்று அறிவித்தார்கள். முதல் வாரத்தில் சுமார் 57,000 பேர் வாங்கினார்கள். சராசரியாக ஒருவர் கொடுத்தது 2 டாலருக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய 17,000 பேர் ஒரே ஒரு செண்ட் கொடுத்தார்கள். பணத்தை வாங்கிச் சேர்ப்பிக்கும் கட்டணத்துக்கே அந்த ஒரு செண்ட் போதாது!

இக்கணக்கைப் பார்த்துச் சிலர் ஜனங்களின் பேராசையைப் பழித்தார்கள். வேறு சிலர், ஒன்றும் கொடுக்காமலே போகக்கூடியவர்களிடமிருந்து லக்ஷம் டாலருக்கு மேல் சேர்ந்ததே என்று வியந்தார்கள். இரு கட்சியாரும் முக்கியமான ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த விளையாட்டு அதற்கு முன்பே ஒரு வருஷம் முழு விலைக்கு விற்பனையாகியிருந்தது. உழைப்பின் கூலி ஓரளவு கைக்கு வந்தபிறகுதான் அவர்கள் கதவைத் திறந்து வைத்தார்கள். ஜனங்களின் இஷ்டத்துக்கு விட்டது அறுவடையையல்ல. அறுவடைக்குப் பின் வயலில் சிந்திக் கிடந்த கதிரையே. கூலி வராத புதுச் சரக்கை அவ்விதம் விடுவது வேறு சங்கதி.

அடுத்த வருஷம், 2010 மே மாதத்தில், வோல்ஃபயர் என்ற சிறு நிறுவனத்தார் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்ற கூட்டு விற்பனையைத் தொடங்கினார்கள். 'வேர்ல்ட் ஆஃப் கூ' உள்ளிட்ட பல சுயேச்சை விளையாட்டுக்களை ஒரே மூட்டையாகக் கட்டி, இஷ்டமான விலைக்குக் கொடுத்தார்கள். வாங்குகிறவர் தாம் தரும் பணத்தில் தயாரிப்பாளருக்கு எவ்வளவு, தர்ம ஸ்தாபனங்களுக்கு எவ்வளவு என்று தாமே பங்கிடலாம். சில நாட்களுக்குள் 1,38,000 பேருக்கு மேல் வாங்கினார்கள். 12 லக்ஷம் டாலருக்கு மேல் சேர்ந்தது. சராசரி 9 டாலரைத் தாண்டியது.

இரண்டு டாலர் எங்கே, ஒன்பது டாலர் எங்கே! ஒரே தேசத்து ஜனங்கள், ஏழு மாத இடைவெளி. இதற்குள் மனச்சாட்சி நாலு மடங்கு வளர்ந்துவிட்டதா? இல்லை. கேட்ட விதம் மாறியது. ஒன்றுக்குப் பல சரக்கு கிடைத்தது உண்மைதான். ஆனால் பணம் யாருக்குப் போகிறது என்பதும் கண்முன் தெரிந்தது. தர்ம காரியமும் சேர்ந்தது. சராசரித் தொகையும், அதிகம் கொடுத்தவர்களின் பெயர்களும் எல்லோரும் காணும்படி விளம்பரப்படுத்தப்பட்டன. நம் கல்யாண வீடுகளில் மொய் எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் ரகசியம் விளங்கும். உண்டியலில் கண்ணை மூடிக்கொண்டு காலணா போடுகிற மனிதரே, பெயரும் தொகையும் ஏட்டில் ஏறும்போது நிமிர்ந்து உட்கார்ந்து கொடுக்கிறார். லினக்ஸ் என்ற இயங்குதளத்தை உபயோகிப்பவர்கள் விண்டோஸ்காரர்களைவிட வெகு அதிகம் கொடுத்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. பெரிய கம்பெனிகளால் புறக்கணிக்கப்பட்டவர்கள், தங்களையும் ஒரு பொருட்டாக எண்ணிச் சரக்குச் செய்தவர்களுக்கு நன்றி காட்டினார்கள். அதே சமயம், ஒரு செண்டுக்குக் கிடைப்பதைக்கூடத் திருடியவர்கள் கால் பங்குக்கு மேல் இருக்கலாம் என்று விற்றவர்களே மதிப்பிட்டார்கள். அத்தகையோருக்கு எவ்வளவு விலை குறைத்தும் பயனில்லை.

அதே 2010-ம் வருஷத்தில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதை ஊர்ஜிதம் செய்கிறது. ஒரு கேளிக்கைப் பூங்காவில் 1,13,000 பேரிடம் அவர்களுடைய புகைப்படங்களை விற்றுப் பார்த்தார்கள். 12.95 டாலர் என்று விலை வைத்தபோது நூற்றுக்கு ஒருவர்கூட வாங்கவில்லை. இஷ்டமான விலை என்றதும் நூற்றுக்கு எட்டுப் பேர் வாங்கினார்கள். ஆனால் சராசரி ஒரு டாலருக்கும் குறைவு. பாதிப் பணம் தர்மத்துக்குப் போகும் என்றதும் சராசரி 5 டாலருக்கு மேல் உயர்ந்தது. வாங்கினவர்கள் தொகையோ ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அற்பமாகக் கொடுக்க வெட்கியவர்கள் வாங்காமலே போனார்கள் போலும். மனச்சாட்சி மெய்யான சக்திதான். ஆனால் அது தர்மத்தைக் கண்டு எழுகிறது; கூலிக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் உறங்குகிறது.

இனி, அந்தக் கூட்டு விற்பனை பிறகு எப்படி ஆயிற்று என்று பார்ப்போம். சராசரிக்கு மேல் கொடுத்தால்தான் சில விளையாட்டுக்கள் என்ற நிபந்தனை வந்தது. 2011 டிசம்பரில், 'ஸ்டீம்' என்ற பெரிய இணையக் கடையில் உபயோகிக்கும் சாவி வேண்டுமானால் ஒரு டாலராவது கொடுக்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. 2012-ல் டீஹெச்க்யூ, 2013-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்று பெரிய கம்பெனிகளே இந்தச் சந்தைக்குள் புகுந்தன. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தன் பங்கைத் தர்மத்துக்கே கொடுத்தது. ஒரு கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் கோடீசுவரன் பழஞ்சரக்கைச் சில டாலருக்கு வாரி வழங்கி நற்பெயர் எடுக்கும்போது, பக்கத்தில் பத்து டாலர் கேட்டு நிற்கும் சிறு தொழிலாளி கொள்ளைக்காரனாகத் தோன்றுகிறான்! 2017-ல் அந்த ஸ்தாபனமே ஐஜிஎன் கம்பெனியின் கைக்கு மாறியது. 2021-ல் பங்கிடும் உரிமையிலும் கை வைத்தார்கள். நடுவே நிற்கும் ஸ்தாபனத்துக்கு 15 முதல் 30 சதவீதம் வரை குறைந்தபட்சப் பங்கு கட்டாயமாயிற்று. வாசலைத் தன் வசம் வைத்திருப்பவனே முடிவில் விதியை வகுக்கிறான் என்பது பழைய உண்மை.

இதற்கு மாறான ஏற்பாடும் உண்டு. 2013-ல் லீஃப் கார்கோரன் என்பவர் தொடங்கிய 'இட்ச்' என்ற இணையச் சந்தையில், குறைந்தபட்ச விலையைத் தயாரித்தவரே நிர்ணயிக்கிறார். அதற்கு மேல் வாங்குகிறவர் இஷ்டப்படி கூட்டிக் கொடுக்கலாம். 2015 முதல் சந்தைக்காரருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் தயாரித்தவரே சொல்கிறார். ஒன்றும் கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லலாம். இது சுயராஜ்யத்துக்குச் சற்று நெருங்கிய முறை. 2020-ம் வருஷம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலையுண்டதும், அங்கே 1,700-க்கு மேற்பட்ட படைப்புக்களை ஒன்றுசேர்த்து, குறைந்தது 5 டாலர் என்று விற்றார்கள். எட்டு லக்ஷம் பேருக்கு மேல் வாங்கினார்கள். நீதி கோருவோருக்கும் சிறைப்பட்டோரின் ஜாமீனுக்குமாக 81 லக்ஷம் டாலருக்கு மேல் சேர்ந்தது. மனிதர்மேல் நம்பிக்கை வளர்க்கும் சம்பவம் இது. ஆயினும் அதில் தயாரித்தவர்களுக்கு ஒரு காசும் வரவில்லை; அவர்கள் விரும்பியே உழைப்பைத் தானம் செய்தார்கள். தானத்தில் கிடைத்த வெற்றியைக் காட்டிக் கூலிக்கும் இதே வழி போதும் என்று வாதிப்பது அநீதி.

கூலிக்கு இவ்வழி போதுமா என்பதற்கு 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' என்ற விளையாட்டின் சரித்திரமே பதில் சொல்கிறது. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006 முதல் அதை இலவசமாகக் கொடுத்து, விரும்பியவர்கள் தரும் நன்கொடையில் ஜீவனம் செய்தார்கள். நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை 2012-ல் அதைத் தன் சேகரத்தில் சேர்த்துக்கொண்டது. அத்தனை புகழ் இருந்தும், வரும்படி எளிய வாழ்க்கைக்கே போதுமானதாக இருந்தது. குடும்பத்தில் நோய் வந்தபோதுதான் இந்த ஏற்பாட்டின் பலவீனம் தெரிந்தது. வைத்தியச் செலவு மலைபோல் உயர்ந்த அமெரிக்காவில் அடுத்த நோய்க்கு எங்கே போவது என்ற கவலையால், விலைக்கு விற்கும் பதிப்பு ஒன்று வெளியிடுவதாக 2019-ல் அறிவித்தார்கள். 2022 டிசம்பர் 6-ந்தேதி அது 29.99 டாலர் விலையில் வந்தது. அந்த ஒரு மாதத்தில் ஏறக்குறைய 5 லக்ஷம் பிரதிகள் விற்றன! கொடுக்க மனமுள்ளவர்கள் முன்பே இருந்தார்கள். விலை கேட்காததால் கொடுக்கவில்லை. பதினாறு வருஷம் இஷ்டத்துக்கு விட்டு வராத கூலி, விலை சொன்ன மாதத்தில் வந்தது.

ஏழை வாலிபன் என்ன செய்வான் என்ற ஆட்சேபணை எழும். நியாயமான ஆட்சேபணைதான். 'வேர்ல்ட் ஆஃப் கூ' விற்பனையிலும், இப்போது இவ்வளவுதான் முடியும் என்று சொன்னவர்களே மிகுதி. அமெரிக்காவில் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு, வேறு தேசத்தில் பல நாள் கூலியாக இருக்கிறது. ஆனால் இதற்குப் பரிகாரம் கூலியை அழிப்பதல்ல. தேசத்துக்குத் தக்கபடி விலையைக் குறைக்கலாம். குறைந்தபட்சத்தைத் தாழ்த்தி வைக்கலாம். ஆடம்ஸ் சகோதரர்கள் செய்ததுபோல், எளிய பதிப்பை இலவசமாகவே வைத்துவிட்டு மெருகேற்றிய பதிப்புக்கு விலை வைக்கலாம். ஏழையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வசதியுள்ளவன் ஒரு செண்டோடு நழுவுவதற்கு மட்டும் இடம் கொடுக்கலாகாது.

தேசியவாதிகளுக்கு இப்பாடம் புதிதன்று. கதர் வாங்கியவர்கள் தேசபக்தியினால் வாங்கினார்கள்; மில் துணியைவிட அதிகம் கொடுத்தே வாங்கினார்கள். அத்தனை பக்தி இருந்தும், நூற்கும் ஸ்திரீகளின் கூலியை வாங்குகிறவர்களின் கருணைக்கு விட்டுவிடக் காந்தியடிகள் சம்மதிக்கவில்லை. 1935-ல் அவர்களுக்கு ஜீவனத்துக்குப் போதுமான கூலி நிர்ணயிக்க வேண்டுமென்று சர்க்கா சங்கத்தை வற்புறுத்தினார். விலை உயர்ந்தால் விற்பனை குறையுமே என்று ஊழியர்கள் அஞ்சினார்கள், அவர் விடவில்லை. கூலி முதலில், தர்மம் பிறகு என்ற கொள்கை அது.

ஆகவே, 'இஷ்டமான விலை' என்ற முறையை நாம் கண்டிக்கவில்லை. அதற்கு உரிய இடத்தைக் காட்டுகிறோம். குறைந்தபட்ச விலையைத் தயாரித்தவரே நிர்ணயிக்கட்டும். கொடுத்த பணம் யாருக்கு எவ்வளவு போகிறது என்பது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியட்டும். தரகனுடைய பங்கு முன்கூட்டிச் சொல்லப்படட்டும், பிறகு மாற்றப்படாமலிருக்கட்டும். இம்மூன்றும் நிலைத்தபின், அதற்கு மேல் எவ்வளவு என்பதை மனச்சாட்சிக்கு விடலாம், அது ஏமாற்றாது.

தொழிலாளர் உரிமைக்காக மேடையில் முழங்குகிறவர்கள், வீட்டில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தும் வேளையிலும் அவ்வுரிமையை நினைக்க வேண்டும். இஷ்டம்போல் கொடு என்று ஒருவன் சொல்லும்போது, அவன் நம் பெருந்தன்மையைப் பரீட்சிக்கவில்லை. நம் நியாயத்தைப் பரீட்சிக்கிறான். அவனுடைய இரண்டு வருஷ உழைப்புக்கு எதிரே ஒரு செண்டை வைக்கிறவன் எந்தத் தொழிலாளியின் கூலியைப் பற்றியும் பேச அருகதையற்றவன்.