ஒரே பெயரை எத்தனை முறைதான் விற்பார்கள்?

'எதிர்நீச்சல்' என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? அம்மாவிடம் கேட்டால் சன் டிவி சீரியல் என்பார். காலேஜ் பசங்களிடம் கேட்டால் சிவகார்த்திகேயன் படம். தாத்தாவிடம் கேட்டால்தான் நாகேஷ் வருவார்!

கே.பாலசந்தர் அதை முதலில் மேடை நாடகமாகப் போட்டார். 1968இல் அவரே படமாகவும் எடுத்தார. ஒண்டுக்குடித்தன வீட்டில் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு, குடியிருப்பவர்களுக்கெல்லாம் எடுபிடி வேலை செய்து, அவர்கள் போடும் சோற்றைச் சாப்பிட்டுப் படிக்கும் அனாதை மாதுவின் கதை. அந்தத் தலைப்பு ஏன் என்று விளக்கவே வேண்டாம். நாடகமும் படமும் ஒரே பெயரில் இருந்ததில் தப்பு இல்லை. ஒரே கதை, ஒரே ஆள் எழுதியது. அண்ணாவின் 'வேலைக்காரி', எம்.ஆர்.ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' எல்லாம் இப்படி மேடையிலிருந்து பெயரோடு திரைக்கு வந்தவைதான்.

அடுத்து 2013. குஞ்சிதபாதம் என்ற பெயரால் கேலிக்கு ஆளாகும் இளைஞன் ஹரீஷ் என்று பெயரை மாற்றிக்கொள்கிறான். பிறகு மாரத்தான் ஓடுகிறான். படத்தின் பெயர்? 'எதிர்நீச்சல்'. பெயர்ப் பிரச்சினையைப் பற்றிய படத்துக்கே சொந்தமாக ஒரு பெயர் கிடைக்கவில்லை!! 2022இல் அதே பெயரில் சீரியலும் வந்துவிட்டது. அதன் கதையே வேறு.

இது ஒன்றோடு நின்றால் பரவாயில்லை. காக்கி சட்டை (1985, 2015), வேலைக்காரன் (1987, 2017), மாவீரன் (1986, 2023), அமரன் (1992, 2024), பராசக்தி (1952, 2026)... இரண்டாவது வரிசை முழுக்க ஒரே நாயகன். தனுஷ் பக்கம் போனால் பொல்லாதவன், படிக்காதவன், மாப்பிள்ளை, தங்கமகன். நான்கும் ரஜினி படத் தலைப்புகள். கதையையும் சேர்த்து எடுத்தது 'மாப்பிள்ளை' மட்டும்தான்.

"படம் நன்றாக இருந்தால் போதாதா?" என்று கேட்பார்கள். 2007இல் வந்த 'பொல்லாதவன்' நல்ல படம்தான். அதனால்தான் கேள்வியே. பைக்கைத் தொலைத்தவனின் கதைக்கு 1980ஆம் வருடத்துப் பெயர் எதற்கு? அதே வெற்றிமாறன் அடுத்து 'ஆடுகளம்' எடுத்தாரே, அதை யாராவது வேறு படத்தோடு குழப்பிக்கொள்கிறார்களா?

"தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது" என்றும் சொல்வார்கள். உண்மைதான். 'தேசி பாய்ஸ்' வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் சட்டப்படி தப்பில்லை என்பதும் நியாயம் என்பதும் ஒன்றா?

பெயரை எடுக்கவே கூடாது என்பதல்ல வாதம். 'சிந்து பைரவி' ஒரு ராகத்தின் பெயர். 1985இல் அதே பாலசந்தர் அதை எடுத்து இரண்டாகப் பிரித்தார். மனைவி பைரவி, வாழ்க்கையில் குறுக்கிடும் இன்னொருத்தி சிந்து, நடுவில் ஒரு பாடகர். இரவல் பெயர்தான். ஆனால் வாங்கியவர் அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்.

இப்போது நடப்பது அதுவா? பழைய படத்தின் மேல் ஜனங்களுக்கு இருக்கும் பாசத்தை இலவச விளம்பரமாக ஆக்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நஷ்டம் யாருக்கு? பெயர்தான் ஒரு படத்தின் முகவரி. அதே முகவரிக்கு இன்னொருவர் குடிவந்தால், பழையவருக்கு வர வேண்டிய தபாலெல்லாம் புதியவர் வீட்டுக்குத்தான் போகும். இணையத்தில் 'எதிர்நீச்சல்' என்று தேடும் இன்றைய பத்தாம் வகுப்புப் பையன் மாதுவைப் பார்க்கும் முன்னால் எத்தனை சீரியல் எபிசோடுகளைத் தாண்ட வேண்டும்? ஒரு படம் இருந்தது என்று தெரிந்தால்தானே தேடவே தோன்றும்!

கதையை எடுத்தால் பெயரையும் எடுங்கள். பெயருக்குப் புது அர்த்தம் கொடுக்க முடிந்தாலும் எடுங்கள். இரண்டும் இல்லையென்றால் புதிதாக ஒன்றை யோசியுங்கள் ஐயா. தமிழில் சொற்களுக்கா பஞ்சம்?