ஆலைகளும் அபாயச் சங்கும்

1984-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவில், போபால் நகரத்து யூனியன் கார்பைடு தொழிற்சாலையினின்று மீதைல் ஐசோசயனேட் என்னும் விஷவாயு வெளிப்பட்டு, உறங்கிக் கிடந்த ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். இதை விதியின் கொடுமை என்று சொல்லி அமைதல் தகாது. அந்த நஞ்சைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரம் துண்டிக்கப்பட்டிருந்தது. உள்ளிழுத்தது இன்ன நஞ்சென்று மடிந்தவர்க்கும் தெரியாது, மருந்திட்டவர்க்கும் தெரியாது.

இதன் பின்னரே சட்டம் கண் விழித்தது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 1987-ல் திருத்தப்பெற்றது. அபாயத் தொழில் நடத்துவோர் ஆபத்துக்காலத் திட்டமொன்றை வகுக்க வேண்டும். அதைத் தொழிலாளருக்கு மட்டுமன்றி அக்கம்பக்கத்து ஜனங்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. ஆறு மாதத்துக்கொருமுறை ஒத்திகை நடத்த வேண்டுமென்று விதிகளும் பிறந்தன.

பலன் யாது? 2020-ம் வருஷம் மே 7-ந் தேதி விடியுமுன், விசாகப்பட்டினத்து எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் ஆவி கசிந்து பன்னிருவர் உயிரிழந்தனர். அங்கே அபாயச் சங்கு இருந்தது. ஆனால் அது ஊதப்படவில்லை என்று ஆந்திர அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழு கண்டது. சங்கும் உண்டு, சட்டமும் உண்டு, ஊதுவார் இல்லை! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ?

ஒத்திகையால் வேலை கெடும், ஜனங்கள் பீதியடைவர் என்பர் சிலர். ஒரு நாழிகை வேலை பெரிதோ, ஓர் ஊரின் உயிர் பெரிதோ என்று அவர்களைக் கேட்கிறோம். பீதி அறிவினால் பிறப்பதன்று, அறியாமையாலேயே பிறப்பது. காற்று வீசும் திசை பார்த்து எப்பக்கம் ஒதுங்குவது என்று பழகியவன், பழகாதவனைப் போல் நஞ்சின் வழியிலேயே ஓடி மடியான்.

ஆதலின் தொழிற்சங்கத்தாரும் ஊர்ப் பிரமுகர்களும் கூலி உயர்வு கேட்கும் அதே உறுதியோடு இவற்றையும் கேட்டுப் பெற வேண்டும். திட்டம் தொழிலாளரின் தாய்மொழியில் எழுதப்பட வேண்டும். இரவு முறைக்காரரும் ஒப்பந்தக் கூலிகளும் ஒத்திகையில் சேர்க்கப்பட வேண்டும். மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திராமல், அபாயத்தை முதலிற் கண்டவனே சங்கை ஊதும் அதிகாரம் பெற வேண்டும். அவ்விதம் ஊதியவன் பின்னர் தண்டிக்கப்படலாகாது.

ஆபத்து வேளையில் ஊதாத சங்கு, பிணத்தின் முன் ஊதவே பயன்படும். அத்தகைய சங்கு நம் தேசத்துக்கு வேண்டா.