காகிதக் கவரும் அரசு முதலாளியும்

அரசாங்கம் ஆலை நடத்தினால் உருப்படாது என்பது நம் கடைவீதியில் அடிக்கடி கேட்கும் பேச்சு. புகளூர் அருகே காகிதபுரத்தில் இயங்கும் டி.என்.பி.எல். ஆலையை அப்படித் தள்ளிவிட முடியாது. 1979-இல் தமிழக அரசு தொடங்கிய நிறுவனம் அது. 1984-இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. மரத்துக்குப் பதிலாகக் கரும்புச் சக்கையைப் பிரதான மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்வதே நோக்கம்.

சொல்ல எளிது. ஆனால் சர்க்கரை ஆலைக்காரர் சக்கையைக் குப்பையில் கொட்டுவதில்லை. கொதிகலனில் எரித்துத்தான் ஆலையை ஓட்டுகிறார். கேட்டால், எரிக்க வேறு பொருள் கொடு என்பார். ஆகவே நிலக்கரியோ நீராவியோ கொடுத்துச் சக்கையை வாங்கும் பண்டமாற்று ஏற்பாடு செய்தார்கள். கரும்பு அரவை சில மாதங்களே; காகித இயந்திரமோ ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். மலைபோல் குவித்த சக்கையை நனைத்துக் கெடாமல் காக்க வேண்டும். பருவச் சரக்கை இருப்பு வைக்கும் நமக்கு இந்தச் சங்கடம் விளக்காமலே புரியும். போட்ட முதல் உடனே திரும்பும் தொழில் அல்ல. பள்ளிபாளையத்தில் தனியார் சேஷசாயி ஆலையும் சக்கையைப் பயன்படுத்தியது உண்மைதான். என்றாலும், புது ஆலையையே சக்கையை நம்பி எழுப்ப, உலக வங்கிக் கடனும் காத்திருக்கத் தயாரான ஒரு முதலாளியும் தேவைப்பட்டார்கள். பின்னாளில் ஆலையின் சுண்ணாம்புக் கசடையும் நிலக்கரிச் சாம்பலையும் சிமெண்டாக்கினார்கள்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. தடை நியாயமானதே; சாக்கடை அடைத்துக் கடைக்குள் தண்ணீர் வந்தால் நஷ்டம் நமக்குத்தான். ஆனால் அபராதச் சீட்டு மளிகைக் கடைக்கு வரும் வேகத்தில் மாற்றுப் பொருள் வரவில்லை. கால் கிலோ பருப்பு விற்று வரும் லாபத்தில் காகிதக் கவருக்கு எவ்வளவு ஒதுக்க முடியும்? 2021 டிசம்பரில் மஞ்சப்பைத் திட்டம் வந்தது. நல்லதே. அரை கிலோ சர்க்கரையை அதில் கொட்டிக் கொடுக்க முடியாதே!

அதே அரசு, அந்தக் காகித ஆலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே வைத்திருக்கிறது. மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் 2016 முதல் பெட்டி செய்யும் அட்டையும் தயாராகிறது. நம்மிடம் அதிகாரியாக வரும் அரசு, ஆலையில் முதலாளியாகவும் ஒரு வார்த்தை சொல்லலாம்: கவருக்கான முரட்டுக் காகிதத்தை மாவட்டச் சங்கங்கள் மூலம் ஆலை விலைக்கே கொடுங்கள் என்று. இலவசம் கேட்கவில்லை, ரொக்கத்துக்கே வாங்கிக்கொள்வோம்.

அடுத்த முறை அமைச்சரைச் சந்திக்கும்போது, அபராதத்தைக் குறைக்கக் கோருவதோடு நம் சங்கம் இதையும் கேட்க வேண்டும். மாதம் எத்தனை கிலோ கவர் தேவை என்று உறுப்பினர்கள் கடைவாரியாக எழுதித் தந்தால் மனுவுக்கு வலு கூடும்.