கூத்துக்கு ஒரு மாளிகை

சென்னை சென்று வந்த பண்ருட்டி நேயர்கள், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே செந்நிறச் செங்கல் மாளிகையொன்றைக் கண்டிருப்பார்கள். அதுவே விக்டோரியா பப்ளிக் ஹால். 1883-ம் வருஷம் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். அமைப்பை வகுத்தவர் ராபர்ட் சிஷோல்ம் என்னும் ஆங்கிலேயர். கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். வளைவுகளுக்கு மேலே, திருவாங்கூர்க் கூரையைக் கவிழ்த்தாற்போல் கோபுரம் நிற்கிறது. பெயர் சக்கரவர்த்தினியுடையது, புகழ் தந்ததோ தமிழ் நாடகம்.

மேல்நாட்டில் இசை நாடகத்துக்கு அரண்மனை போன்ற அரங்குகள் உண்டு. மிலான் நகரத்து லா ஸ்காலா 1778-லேயே திறக்கப்பட்டது. நமக்கோ கொட்டகைதான். 1922-ல் புதுச்சேரியில் காலமான சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் கொட்டகைகளிலேயே வளர்ந்தன. நடிகனுக்குக் கிடைத்த பட்டமோ ‘கூத்தாடி’!

1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் ஆரம்பித்த சுகுண விலாஸ சபை, 1902 முதல் 1936 வரை இந்த ஹாலில் இருந்தது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசி மேடையேறினார்கள். ஏளனம் செய்த வாய்கள் அடைத்துப்போயின.

ஆனால் அந்தக் கௌரவம் யாருக்குச் சேர்ந்தது? வேறு தொழில் உள்ளவர்களுக்குச் சேர்ந்தது; கூத்தையே தொழிலாகக் கொண்டவனுக்கு அதில் பாதியும் சேரவில்லை. மாளிகையைப் பழுது பார்ப்பது நல்ல காரியமே. நம் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய ஆடும் தெருக்கூத்துக் கலைஞனுக்கு உரிய ஊதியமும், ‘வாருங்கள்’ என்ற ஒரு சொல்லும் அளிப்பது அதனினும் நல்ல காரியம். அதற்குச் செங்கல் வேண்டியதில்லை.