கையெழுத்தில்லாத சட்டம்: வயோமிங் ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

லாரமி, வயோமிங்
2024 டிசம்பர் 10

மதிப்பிற்குரிய ஆளுநர் மார்க் கார்டன் அவர்களுக்கு,

மடல் தமிழில் இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். ஷையானில் உங்கள் அலுவலகத்தில் இதைப் படிக்க ஆள் கிடைக்காது என்று தெரியும். உங்களுக்கு ஆங்கிலப் பிரதி ஒன்று தனியாகத் தபாலில் வருகிறது. நவம்பர் முழுக்க ஊரிலிருந்து போன் செய்து, "உங்க ஊர்ல யாருக்கு ஓட்டு? போட்டி பலமா?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் பலர். அவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

லாரமிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. குடியுரிமை கிடைத்தது போன செப்டம்பரில். நவம்பர் 5 அன்று வாக்குச்சாவடியிலேயே பெயரைப் பதிந்துகொண்டு, அங்கேயே வாக்கும் போட்டேன். அன்றைக்கே பதிந்து அன்றைக்கே வாக்களிக்கும் வசதி அமெரிக்காவில் எல்லா மாநிலத்திலும் இல்லை. உங்கள் மாநிலத்தில் இருக்கிறது, அதற்கு முதலில் நன்றி. நான் பிறந்தது பாளையங்கோட்டையில். அங்கே வாக்களிப்பது என்றால் வேகாத வெயிலில் பள்ளிக்கூட வராந்தாவில் வரிசை, விரலில் மை, வாசலுக்கு நூறு மீட்டர் தள்ளி நின்று கண்ணாலேயே கும்பிடும் கட்சிக்காரர்கள். இங்கே பனிக்காற்று, கறுப்புப் பேனா, இரண்டு பக்கத்துக்கு நீளும் ஒரு தாள். முட்டை வடிவக் கட்டங்களை நிரப்ப வேண்டும். ஜனாதிபதியில் தொடங்கி உள்ளூர்ப் பதவிகள் வரை வரிசையாக இறங்குகிறது. பல இடங்களில் ஒரே ஒரு பெயர். அதன் கீழே, வேண்டுமானால் நீயே ஒரு பெயரை எழுதிக்கொள் என்று ஒரு வெற்றுக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டேன். மாலை 7 மணி, சாவடி மூடும் நேரம். கடைசியாக வரிசையில் நின்றவர் வெளியே வந்து காரை எடுத்திருக்கக்கூட மாட்டார், அதற்குள் திரையில் இருந்த வரைபடத்தில் வயோமிங் குடியரசுக் கட்சியின் சிவப்பாகிவிட்டது. ஜனாதிபதியைத் தேர்வதற்கு மாநிலத்துக்கு உள்ள மூன்று எலக்டோரல் வாக்குகளும் டிரம்புக்கு. அதில் யாருக்கும் வியப்பில்லை, எனக்கும்தான். முழுக் கணக்கு வந்தபோது அவருக்குச் சுமார் 1,92,600, கமலா ஹாரிஸுக்குச் சுமார் 69,500. விழுக்காட்டில் 72-க்கு 26. ஐம்பது மாநிலங்களில் டிரம்புக்கு இத்தனை பெரிய விகிதம் வேறெங்கும் கிடைக்கவில்லை. 1964-இல் இங்கே ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சன் ஜெயித்தார். அதற்குப் பிறகு நடந்த பதினைந்து ஜனாதிபதி தேர்தலிலும் வயோமிங் குடியரசுக் கட்சிக்குத்தான்.

கலிபோர்னியாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் மறுநாள் பேசினான். "உன் ஒரு ஓட்டு எங்க நாலு ஓட்டுக்குச் சமம், யோகக்காரன்டா நீ" என்றான். கணக்கு சரிதான். 2020 கணக்கெடுப்பில் வயோமிங்கில் 5,76,851 பேர். மூன்று எலக்டோரல் வாக்கு, அதாவது 1,92,000 பேருக்கு ஒன்று. கலிபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேருக்கு 54, அதாவது 7,32,000 பேருக்கு ஒன்று. ஆனால் அந்தக் கனமான ஓட்டைக் கேட்டு நவம்பரில் இங்கே யார் வந்தார்கள்? அவனிடம் சொன்னேன்: "படி பெரிசுதான்டா, அளக்கத்தான் யாரும் வர்றதில்லை." அவன் ஊரில் டிரம்புக்கு விழுந்த 60 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளுக்கும் ஒரு எலக்டோரல் வாக்குகூட இல்லை. ஆகவே இது ஒரு கட்சிக்காரனின் புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம்.

நெப்ராஸ்காவும் மெய்னும் செய்வதுபோல எலக்டோரல் வாக்கைத் தொகுதிவாரியாகப் பிரிக்கச் சொல்லப்போகிறேன் என்று நினைத்தால், இல்லை. வயோமிங்குக்குக் காங்கிரஸ் தொகுதி ஒன்றே ஒன்று. மாநிலமே தொகுதி, தொகுதியே மாநிலம். எப்படிப் பிரித்தாலும் மூன்றும் ஒரே கைக்குத்தான் போகும். வாக்கு விகிதப்படி பிரித்தால் 26 விழுக்காட்டுக்காரர்களுக்கு ஒன்று வரலாம். அதற்கு நீங்களும் சம்மதிக்க மாட்டீர்கள், கலிபோர்னியா ஆளுநரும் சம்மதிக்க மாட்டார். நடக்காத கல்யாணத்துக்குப் பந்தல் போட எனக்கு நேரமில்லை.

நான் கேட்க வந்தது ஆகஸ்டைப் பற்றி.

வயோமிங்கில் ஆட்கள் உண்மையில் தேர்வாவது நவம்பரில் அல்ல, ஆகஸ்டில் நடக்கும் குடியரசுக் கட்சியின் பிரைமரியில், அதாவது அந்தக் கட்சியில் பதிந்த வாக்காளர்கள் அதன் வேட்பாளரைத் தேர்வு செய்யும் தேர்தலில். இதற்கு அத்தாட்சி டிரம்பே தந்திருக்கிறார். 2022 மே மாதம் அவர் காஸ்பருக்கு வந்து பெரிய கூட்டம் போட்டது எந்த ஜனநாயகக் கட்சிக்காரரையும் தோற்கடிக்க அல்ல. பிரைமரியில் தன் கட்சியின் காங்கிரஸ் உறுப்பினர் லிஸ் செனியைத் தோற்கடித்து ஹாரியட் ஹேகமனைக் கொண்டுவர. இந்த ஆண்டும் அதே கதை. சட்டமன்றக் கீழவை, குடியரசுக் கட்சிக்குள் இருக்கும் தீவிர வலதுசாரிகளான ஃப்ரீடம் காக்கஸ் குழுவின் கைக்குப் போகிறது என்பது ஆகஸ்ட் 20 இரவே தெரிந்துவிட்டது. ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்வதற்கோ இங்கே பிரைமரியே கிடையாது. கட்சிகள் தாங்களே கூட்டம் கூட்டி முடிக்கின்றன. ஜனநாயகக் கட்சியின் கூட்டம் ஏப்ரல் 13-இல் நடந்தது. பைடனும் டிரம்பும் தேவையான பிரதிநிதிகளைச் சேர்த்து முடித்ததோ மார்ச் 12-இலேயே. இலை எடுத்த பிறகு பந்திக்குப் போன மாதிரி.

1960-இல் இப்படி இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் மாநிலங்களை அகரவரிசையில் அழைத்தார்கள். வயோமிங் கடைசி. அதன் பதினைந்து வாக்கும் ஜான் கென்னடிக்கு விழுந்ததும்தான் அவருக்கு வேட்பாளர் ஆகும் எண்ணிக்கை முழுதாகச் சேர்ந்தது. நவம்பரில் அதே வயோமிங் நிக்ஸனுக்குப் போட்டது, அது வேறு.

இங்கே கட்சி பார்த்து மட்டும்தான் குத்துவார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. 2004-இல் புஷ்ஷுக்கு 69 விழுக்காடு கொடுத்த அதே ஜனங்கள், இரண்டே வருடத்தில் ஜனநாயகக் கட்சியின் டேவ் ஃப்ராய்டன்தாலுக்கு 70 விழுக்காடு கொடுத்து மறுபடி ஆளுநராக்கினார்கள். 1984-இல் ரேகனுக்கு 70 விழுக்காடு. அப்போது ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் எட் ஹெர்ஷ்லர், அதுவும் மூன்றாம் முறையாக. 1975 முதல் 1995 வரை இருபது வருடம் உங்கள் நாற்காலியில் அந்தக் கட்சிக்காரர்கள்தான். அமெரிக்காவிலேயே முதல் பெண் ஆளுநரான நெல்லி டெய்லோ ராஸும் அந்தக் கட்சிதான். வரும் ஜனவரி 5-உடன் அவர் பதவியேற்று நூறு வருடம். ஜனாதிபதிக்கு ஒரு கணக்கு, பக்கத்தில் இருக்கிற ஆளுக்கு வேறு கணக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஜனங்கள் இவர்கள்.

நவம்பரில் போட்டி செத்துப்போன பிறகு அவர்களில் சிலர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆகஸ்டில் பிரைமரி நாளன்று கட்சிப் பதிவை மாற்றிக்கொண்டு, உண்மையான போட்டியில் வாக்களித்துவிட்டு, பிறகு பழைய கட்சிக்கே திரும்புவது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படிச் செய்தவர். யூனியன் பசிபிக் ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவர். ரயில்பாதை ஓரத்து ஊர்களில் தொழிற்சங்கக்காரர்கள் வழிவழியாக ஜனநாயகக் கட்சி, அவரும் அப்படியே. ஆகஸ்டில் மட்டும் அந்தப் பக்கம் போவார். "வீட்டை விக்கல, விருந்துக்குத்தானே போறேன்" என்கிற தோரணையில் அதைச் சொல்வார்.

2023-இல் அந்த வழியை அடைத்தார்கள். வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் நாளிலிருந்து பிரைமரி முடியும்வரை கட்சி மாறக் கூடாது. இந்த ஆண்டு மனுத்தாக்கல் மே 16-இல் தொடங்கியது. ஆக, கட்சி மாறக் கடைசி நாள் மே 15. யார் யார் நிற்கிறார்கள் என்ற பட்டியல் அன்றைக்குக் கிடையாது. சந்தைக்கு மாடு வருவதற்கு முன்பே முன்பணம் கொடுக்கச் சொன்னால் உங்களைப் போன்ற மாட்டுப்பண்ணைக்காரர் கொடுப்பாரா? ஜூலையில் பெரியவர் கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் தேதியைச் சொல்லி, வருத்தத்தோடுதான் திருப்பி அனுப்பினாராம். குறை அந்தப் பெண்ணிடம் இல்லை.

குடியரசுக் கட்சிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க எதிர்வீட்டுக்காரன் எதற்கு என்று கேட்கிறார்கள். ஊரில் இருப்பதே ஒரு வீடு என்றால், அந்த மாப்பிள்ளைதான் நாளை ஊருக்கே நாட்டாமை என்றால், எதிர்வீட்டுக்காரனும் எட்டிப் பார்க்கத்தான் செய்வான். பிரைமரியை நடத்துவது கவுண்டி அலுவலகங்கள்; செலவு பெரியவர் கட்டும் வரியிலிருந்தும்தான் போகிறது. இன்னொன்று: 2022-இல் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலர் கட்சி மாறி வந்து லிஸ் செனிக்குப் போட்டார்கள். முடிவு 66-க்கு 29. அவரால் பக்கத்தில்கூட வர முடியவில்லை. எதைத் திருடிவிட்டார்கள் என்று இந்தப் பூட்டு?

இந்தப் பூட்டுக்கான பேச்சு எப்போது வலுத்தது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் ஆளுநர் பதவிக்கான பிரைமரியில், டிரம்பின் ஆதரவு பெற்ற ஃபாஸ்டர் ஃப்ரீஸைப் பின்னுக்குத் தள்ளி, 33 விழுக்காட்டில் நீங்கள் ஜெயித்தீர்கள். கட்சி மாறி வந்தவர்கள்தான் உங்களை ஜெயிக்க வைத்தார்கள் என்று உங்கள் கட்சியிலேயே ஒரு சாரார் சொல்ல ஆரம்பித்தார்கள். ஐந்து வருடம் கழித்து அந்த மசோதா உங்கள் மேஜைக்கு வந்தது. நீங்கள் கையெழுத்தும் போடவில்லை, வீட்டோவும் செய்யவில்லை. பேனாவை மூடி வைத்தீர்கள், அது தானாகச் சட்டமானது. சங்கடம் எனக்குப் புரிகிறது. வீட்டோ செய்தால் தன் ஓட்டுக்காரர்களைக் காப்பாற்றுகிறார் என்பார்கள். கையெழுத்திட்டால் ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்தார் என்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன், உங்கள் நாற்காலிக்கு அது அழகில்லை.

ஏன் அழகில்லை என்றால், இன்றைய தேதியைப் பாருங்கள். 1869-இல் இதே டிசம்பர் 10-இல்தான் ஜான் கேம்ப்பெல் என்ற ஆளுநர் பெண்களுக்கு வாக்குரிமை தரும் மசோதாவில் கையெழுத்திட்டார். சட்டமன்றத்தில் இருந்தவர்கள் முழுக்க ஜனநாயகக் கட்சி, அவரோ குடியரசுக் கட்சி. அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடத்தான் அந்த மசோதா என்று நினைத்தவர்களும் உண்டு. அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம் கழித்து அடுத்து வந்த சட்டமன்றம் அந்த உரிமையைப் பறிக்கப் பார்த்தபோது வீட்டோ செய்தார். அந்த வீட்டோவை முறியடிக்க மேலவையில் ஒரே ஒரு வாக்கு குறைந்தது. நடுவில் 1870 செப்டம்பரில், எங்கள் லாரமியில், எழுபதை நெருங்கிய லூயிஸா ஸ்வெயின் ஈஸ்ட் வாங்கப் போகிற வழியில் தூக்குவாளியும் கையுமாகப் போய் வாக்களித்தார் என்று சொல்வார்கள். நான் குடியுரிமை வாங்கிய வாரம் அவர் சிலை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "யாருடா இந்தப் பாட்டி?" என்று கேட்டாள்.

கேட்பது பெரிய காரியம் இல்லை. மூன்று எலக்டோரல் வாக்குகளைப் போடப்போகும் தேர்வாளர்களின் பெயரைச் சொல்லும் சான்றிதழில் உங்கள் கையெழுத்து இந்நேரம் விழுந்திருக்கும். அதற்குக் கெடு நாளைதான். டிசம்பர் 17-இல் அவர்கள் கூடி வாக்களிப்பார்கள். அதில் மாற்ற ஒன்றுமில்லை. ஜனவரி 14-இல் சட்டமன்றம் கூடும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: கட்சி மாறும் கெடுவை மனுத்தாக்கல் முடிந்த பிறகு ஒரு இரண்டு வாரம் தள்ளி வையுங்கள் என்று. பிரைமரி நாள் வரைக்கும் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்ய விடுங்கள், அவ்வளவுதான். அவர்கள் மறுக்கலாம், மறுக்கத்தான் செய்வார்கள். மறுத்துவிட்டு இன்னும் இறுக்கமாக ஒன்றை நிறைவேற்றி உங்கள் மேஜைக்கு அனுப்பலாம். அப்போதாவது பேனாவைத் திறந்து ஏதாவது ஒன்றை எழுதுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பெரியவர் வந்தார். வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர், கை சூடேற்ற உள்ளே வந்து காபி குடித்தார். இந்த வட்டவட்ட எழுத்தில் யாருக்கு இவ்வளவு நீளக் கடிதம் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு வரி சேர்க்கச் சொன்னார். 2018 ஆகஸ்டில் அவர் கட்சி மாறிப் போட்ட ஓட்டு உங்களுக்குத்தானாம்.

இப்படிக்கு,
லாரமியிலிருந்து ஒரு புது வாக்காளன்