வயிற்றுக்குள் ஓர் எல்லைச் சாவடி

சென்ற மாதம் ஓசூரில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கோடியில் இருக்கிற ஊர் அது. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். நாம் களி என்று சொல்வதை அடுத்த வீட்டில் சங்கடி என்பார்கள். அதற்கும் அடுத்த வீட்டில் முத்தே என்பார்கள். பெயர்தான் மூன்று, உருண்டை ஒன்றுதான்.

தங்கையின் மகனும் மருமகளும் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார்கள். இருவருக்கும் ஷிப்டு. நான்கு வயதுப் பேரன் பாட்டியின் பொறுப்பு. நான் போன மறுநாள் விடியற்காலையில் பையனுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது. எட்டு மணிக்குள் நாலு தடவை போய்விட்டான். மருமகள் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். தங்கை பதறிப் போய் அலமாரியைத் திறந்து, ஒரு மருந்துப் புட்டியை எடுத்துக் குலுக்கினாள்.

"என்ன அது?" என்றேன்.

"போன தடவை காய்ச்சலுக்கு வாங்கினது அக்கா, ஆன்டிபயாடிக். பாதி மிச்சம் இருக்கிறது. இரண்டு வேளை கொடுத்தால் நின்றுவிடும்."

"டாக்டர் சொன்னாரா?"

"இதற்கெல்லாம் டாக்டர் எதற்கு? இந்த வருஷத்தில் இது நாலாவது தடவை. எனக்கே பழகிப் போய்விட்டது!"

புட்டியை வாங்கி வைத்துவிட்டு, உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து, அதில் எழுதியிருந்த அளவு காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகப் பையனுக்குக் கொடுத்தேன். பிறகு மூவருமாக டாக்டரிடம் போனோம். அவர் பையனின் நாக்கையும் கண்ணையும் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மலத்தில் ரத்தம் உண்டா என்று கேட்டார். "இது பெரும்பாலும் வைரஸ் செய்கிற வேலை. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் பலிக்காது. உப்புச் சர்க்கரைத் தண்ணீரை விடாமல் கொடுங்கள். துத்தநாக மாத்திரை பதினான்கு நாள். வழக்கமான ஆகாரத்தை நிறுத்த வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் தங்கைக்கு ஒரே குறை. "வீரியமாக ஒரு மருந்துகூட எழுதவில்லை. இதற்கு ஃபீஸ் வேறு!"

அன்று இரவு பையன் தூங்கிய பிறகு, சமையல் அறையில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய 38 லட்சம் கோடி என்று 2016-ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. அத்தனையையும் திரட்டித் தராசில் வைத்தால் 200 கிராம் தேறும், அவ்வளவுதான். இந்தக் கூட்டத்துக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது குடலின் உள்சுவர். அதன் கனம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஒரே ஒரு வரிசை உயிரணுக்கள்! அப்படியிருந்தும் அந்தக் கூட்டம் உள்ளே புகுந்துவிடாமல் இருக்கிறதே, எப்படி?

எல்லையில் சாவடி போட்டுக் காவல் வைத்திருப்பது போல, குடல் சுவரிலும் காவல் இருக்கிறது. சிறுகுடல் சுவரில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டு. அவற்றின் அடியில் சில உயிரணுக்கள் துகள் துகளாக எதையோ நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை, ஆஸ்திரிய நாட்டு ஜோசப் பேனத் என்பவர் 1888-ல் விவரித்தார். அந்தத் துகள்கள் கிருமிகளைக் கொல்லும் புரதங்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், அதற்கு முன்பே 1922-ல் கண்ணீரிலும் எச்சிலிலும் கிருமிகளைக் கொல்லும் லைசோசைம் என்ற பொருள் இருப்பதைக் கண்டார். அதே லைசோசைமும் அந்தக் குழிகளில் தயாராகிறது. அதாவது, மருந்துக் கடையில் நாம் தேடுகிற சரக்கை நம் குடலே தன் கையால் தயாரித்துக்கொண்டிருக்கிறது.

"அப்படியானால் உள்ளே இருக்கிற கிருமிகள் எல்லாம் செத்துப் போக வேண்டுமே?" என்று கேட்டாள் தங்கை. நல்ல கேள்வி. அங்கேயே குடியிருக்கும் பாக்டீரியாக்களில் ஒரு பெரிய வகுப்பு, தன் மேலுறையில் ஒரு சிறு பகுதியைக் கழற்றிவிடுகிறது. நம் உடம்பின் ஆயுதங்கள் வந்து ஒட்டிக்கொள்கிற இடமே அதுதான். அது இல்லாததால் ஆயுதம் பிடிப்பு இன்றி வழுக்கிப் போகிறது. இதை அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையார் 2015-ல் காட்டினார்கள். உள்ளூர்க்காரர் சாவடியில் சீட்டைக் காட்டிவிட்டுப் போவது போலத்தான். சீட்டு இல்லாத வெளியூர்க் கிருமிதான் அகப்பட்டுக்கொள்ளும்.

இதைவிட ஆச்சரியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் காவல்காரனைத் தூங்க விடாமல் எழுப்பி வைத்திருப்பது யார் தெரியுமா? அதே உள்ளூர்க் கிருமிகள்தான்!

கிருமியே படாமல் வளர்த்த எலிகளின் குடலில் ஒரு காவல் புரதம் ஏறக்குறைய இல்லாமலே இருந்தது. பாக்டீரியாக்களைக் குடியேற்றியதும் அது மளமளவென்று சுரந்தது. டல்லாஸ் நகரில் லோரா ஹூப்பர் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. இரண்டு வருஷம் கழித்து, நியூயார்க்கில் வேறொரு குழுவினர் எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். உள்ளூர்க் கிருமிகள் அழிந்தன. கூடவே காவல் புரதமும் குறைந்தது. அந்த நேரம் பார்த்து, மருந்துக்கு மசியாத ஒரு பொல்லாத கிருமி உள்ளே வந்து தாராளமாகப் பெருகியது. பிறகு, இறந்த பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள ஒரு பொருளை மட்டும் வாய் வழியாகக் கொடுத்தார்கள். காவல் மறுபடி விழித்துக்கொண்டது; பொல்லாத கிருமி அடங்கியது.

பார்த்தீர்களா? தேவையில்லாமல் கொடுக்கும் ஆன்டிபயாடிக், திருடனைப் பிடிக்கப் போய் ஊர்க்காரர்களை அடித்து விரட்டிவிடுகிறது. குரல் கொடுக்க ஆள் இல்லாத ஊரில் காவல்காரனும் தூங்கிப் போகிறான். அடுத்த திருடனுக்குக் கதவு திறந்தே கிடக்கிறது.

திருடனுக்கும் இந்த சூட்சுமம் தெரிந்திருக்கிறது! சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி, குடல் சுவரில் தயாராகும் ஒரு கிருமிக்கொல்லிப் புரதத்தை முதலில் நிறுத்தி வைக்கிறது. வங்காள தேசத்தில் டாக்காவில் உள்ள வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி நிலையத்தார் 2001-ல் இதைச் சொன்னார்கள். 2006-ல் அவர்களே சீதபேதி கண்ட முயல்களுக்கு பியூட்டிரேட் என்ற அமிலச் சத்தைக் கொடுத்தார்கள். நின்று போன சுரப்பு மறுபடி ஆரம்பித்தது; முயல்களும் தேறின.

அந்த பியூட்டிரேட் நம் உடம்புக்குள் எங்கிருந்து வருகிறது? நமக்கு ஜீரணமாகாத நார்ச்சத்தும் ஒரு வகை மாவும் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே உள்ளூர்க் கிருமிகள் அவற்றைப் புளிக்க வைத்துச் சாப்பிட்டுவிட்டு, வாடகை கொடுப்பது போல் இதைக் கொடுக்கின்றன.

இந்த வாடகையின் பலனை மனிதர்களிடமே சோதித்துப் பார்த்தது நம் தமிழ்நாட்டில்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் காலரா கண்ட 48 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசல். இன்னொன்றுக்கு அதில் அரிசி மாவு. மூன்றாவதற்கு, சிறுகுடலில் கரையாமல் பெருங்குடல் மட்டும் போகிற ஒரு வகை மக்காச்சோள மாவு லிட்டருக்கு 50 கிராம். வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரி 91 மணி நேரம் ஆயிற்று. அரிசி மாவுக்காரர்களுக்கு 71 மணி. மூன்றாவது கூட்டத்துக்கு 57 மணி! கிருமிகள் அந்த மாவைப் புளிக்க வைத்துக் கொடுத்த அமிலங்கள், பெருங்குடல் உப்பையும் நீரையும் திரும்ப இழுத்துக்கொள்ள உதவின. இது 2000-ல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது.

சரி, கிருமிகளுக்கு ஆகாரம் போடாவிட்டால்? 2016-ல் மிஷிகன் சர்வகலாசாலையாரும் லக்ஸம்பர்க் நாட்டாரும் சேர்ந்து, மனிதக் குடலின் பாக்டீரியாக்களை எலிகளில் குடியேற்றி, நார்ச்சத்தே இல்லாத தீனி போட்டார்கள். பசித்த கிருமிகள், குடல் சுவரைப் போர்வை போல மூடியிருக்கும் சளிப்படலத்தையே அரித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டன. போர்வை மெலிந்ததும் நோய்க் கிருமி சுலபமாகச் சுவரை எட்டிவிட்டது. கூலி கொடுக்காவிட்டால் உள்ளூர்க்காரனே வேலியைப் பிய்த்து அடுப்பெரிப்பான் அல்லவா?

இந்த இடத்தில் தங்கையின் அடுக்களையைச் சுற்றிப் பார்த்தேன். பளபளவென்று தீட்டிய அரிசி, மைதா பிஸ்கட், ரொட்டி, நூடுல்ஸ் பொட்டலம். "ராகி மாவு எங்கே?" என்று கேட்டேன். "அதெல்லாம் நம் அம்மாவோடு போச்சு அக்கா. களி கிண்ட யாருக்கு நேரம்?" என்றாள்.

ராகி அதிகம் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொல்கிறாளே என்று இருந்தது எனக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் ராகியில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் மூன்று கிராம்கூட இல்லை. அவரை, கொள்ளு, கீரை எல்லாமே இந்த வகையில் கைகொடுப்பவை. களி மருந்தல்ல, சகோதரிகளே. பேதியை அது நிறுத்திவிடும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நோய் இல்லாத நாளில் சாவடியைப் பலமாக வைத்திருக்கும் ஆகாரம் அது.

ஆன்டிபயாடிக்கே கூடாது என்று நான் சொல்வதாகவும் நினைக்காதீர்கள். நிமோனியாவிலும், ரத்தத்தில் கிருமி கலந்தாலும் உயிரைக் காப்பது அதுதான். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், குழி விழுந்த கண், சிறுநீர் குறைதல், தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி, குழந்தை துவண்டு கிடப்பது – இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அவர் ஆன்டிபயாடிக் எழுதினால், சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுங்கள். மிச்சத்தைப் பத்திரப்படுத்தாதீர்கள். குழந்தைகளுக்குத் தண்ணீர் கலந்து தயாரிக்கும் மருந்து சில நாட்களிலேயே வீரியம் இழந்துவிடும். மாத்திரை அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம்.

மாலையில் ஷிப்டு முடிந்து வந்த மருமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "எல்லாம் சரிதான் பெரியம்மா. லீவு போட்டால் சம்பளம் போகிறது. ராத்திரிக்குள் நிற்கிற மருந்தாக இருந்தால் தேவலை என்றுதான் மனசு ஓடுகிறது."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் புட்டியை அலமாரியில் வைத்தது அறியாமை அல்ல, அவசரம்தான். எத்தனை வீடுகளில் இதே கதை! அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "அம்மா, இந்த வருஷம் நாலு தடவை லீவு போட நேர்ந்ததே, அடுத்த வருஷம் அது ஒரு தடவையாகக் குறைய வேண்டாமா?"

பையனுக்கு மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. துத்தநாக மாத்திரையை மட்டும் பதினான்கு நாளும் எண்ணிக் கொடுத்தாள் பாட்டி. நான் ஊருக்குக் கிளம்பிய அன்று அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தது. மருமகள்தான் துடுப்பைப் பிடித்திருந்தாள். மாவு கட்டி தட்டிப் போயிருந்தது. மாமியார் குறை சொல்லாமல் பக்கத்தில் நின்று, "அடியோடு சேர்த்துக் கிண்டு" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.