மான் தூக்க ஒரு பழைய ஃபோர் வீலர்

நான் குப்பை கொட்டிக்கிட்டு இருக்கிற இந்த மிச்சிகன் மேல் தீபகற்பத்துல நவம்பர் 15ங்கிறது நம்ம ஊர் தீபாவளி மாதிரி. துப்பாக்கியால மான் வேட்டையாடுற சீசன் அன்னிக்குத்தான் ஆரம்பம். 30-ஆம் தேதி வரைக்கும் பதினாறு நாள். முதல் நாள் பல பள்ளிக்கூடங்களுக்கே லீவு விட்டுடுவாங்க. ஊர்ல பாதிப் பேர் ஆரஞ்சு கலர் சட்டையில அலைவாங்க. காட்டுல ஒருத்தரை ஒருத்தர் மான்னு நினைச்சு சுட்டுடக்கூடாதுன்னு அந்த கலர். சட்டமே அப்படித்தான்.

"மானையா சுடுறாங்க, பாவிங்களா!"ன்னு எங்கம்மா போன்ல கேட்டாங்க. நீங்களும் கேட்பீங்க. இந்தியாவுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் மான் மேல கை வச்சா கம்பி எண்ணணும். இங்க கதை வேற. லைசென்ஸ் வாங்கி முறைப்படி அடிச்சா, ஒரு மான் ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுக்கக் கறி. சரியா தப்பாங்கிற பஞ்சாயத்தை இன்னொரு நாள் வச்சுக்கலாம். இந்த வாரம் வண்டி.

எங்க டிபார்ட்மெண்ட் ஒர்க்‌ஷாப்ல ஒரு பெரியவர் இருக்கார். லேத், மில்லிங் மெஷின் எல்லாம் அவர் கையில பேசும். நான் வந்த முதல் வருஷம் மெல்லிசு ஜெர்கினோட பனியில நடுங்கிட்டு நின்னப்போ, மறுநாளே தன் பையனோட பழைய கோட்டைக் கொண்டுவந்து கொடுத்த மனுஷன். வயசு அறுபத்தொண்ணு. போன வருஷம் பைபாஸ் ஆச்சு. வீட்டம்மா ஒரே கண்டிஷன் போட்டுட்டாங்க: "வேட்டைக்குப் போ, ஆனா மானை நீ இழுக்கக்கூடாது."

அந்தம்மா சொல்றதுல நியாயம் இருக்கு. வயித்தைக் கிழிச்சு குடலை எடுத்ததுக்கப்புறமும் ஒரு பெரிய கிடா மான் 60, 70 கிலோ நிக்கும். முழங்கால் பனியில, சதுப்புல, விழுந்து கிடக்கிற மரங்களுக்கு நடுவுல அதைக் கயிறு கட்டி ஒரு கிலோமீட்டர் இழுக்கிறதை நினைச்சுப் பாருங்க. இதே மிச்சிகன்ல 25 ஆண் வேட்டைக்காரங்களுக்கு இதயத்துடிப்பைப் பதிவு பண்ற கருவியை மாட்டிவிட்டுப் பார்த்த ஒரு ஆய்வு 2007-ல வந்துச்சு. டிரெட்மில்லுல ஓடவிட்டு அளந்த உச்சத் துடிப்பையே சிலர் காட்டுல தாண்டிட்டாங்க. அதனால பெரியவருக்கு ஒரு ஏ.டி.வி. வேணும். இங்க பேச்சு வழக்குல ஃபோர் வீலர். கையில இருந்தது 3,000 டாலர். புதுசு வாங்கணும்னா குறைஞ்சது ரெண்டு மடங்கு ஆகும். எங்கப்பா டூவீலர் மெக்கானிக்ங்கிற ஒரே தகுதியில என்னையும் கூட்டிக்கிட்டார்.

முதல்ல, என்ன வேலைக்கு?

விளம்பரத்துல எல்லாம் 800 சிசி, 1000 சிசின்னு சேத்தை வாரி இறைச்சுக்கிட்டுப் பறக்கிற படம்தான். ஆனா வேட்டையில இந்த வண்டி செய்யற வேலை என்னன்னு மிச்சிகன் சட்டமே அழகா சொல்லிடுது. பொதுமக்கள் வேட்டையாட அனுமதி இருக்கிற நிலத்துல, இந்த சீசன் நாட்கள்ல காலை 7 மணியில இருந்து 11 வரைக்கும், மதியம் 2-ல இருந்து 5 வரைக்கும் ஃபோர் வீலர் ஓட்டக்கூடாது. அதுதான் மான் நடமாடுற நேரம், மத்தவங்க வேட்டையைக் கெடுக்கக்கூடாதுன்னு. அடிச்ச மானை எடுத்துட்டு வர்றதுக்கு விலக்கு உண்டு. ஆனா அதுக்கும் நேர் வழியில, மணிக்கு 5 மைலுக்கு மேல போகாம. அதாவது 8 கிலோமீட்டர். நம்ம ஊர் மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகம்.

ஆக, நாம வாங்கப் போறது மாட்டு வண்டி வேகத்துல, பொணம் கனம் கனக்கிற சுமையோட, சேத்துல இருந்து ஏறி வர்ற ஒரு வண்டி. அவ்வளவுதான். இதை மனசுல வச்சுக்கிட்டா பாதி விளம்பரத்தைத் தள்ளிடலாம். 350-ல இருந்து 500 சிசி தாராளம். கனம் குறைஞ்ச வண்டி நல்லது. ஏன்னா சேத்துல சிக்கினா வெளிய இழுக்கப் போறது நாமதான். 250 கிலோ வண்டிக்கும் 350 கிலோ வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அப்போ தெரியும்.

இந்தச் சந்தையில பழசு நிறைய கிடைக்கும். அமெரிக்காவுல ஹோண்டா முதல் ஃபோர் வீல் டிரைவ் ஏ.டி.வி.யை 1986-லயே கொண்டு வந்துட்டாங்க. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 500 வந்தது 1996-ல. இருபது வருஷம் ஓடின வண்டியும் நல்லா பராமரிச்சிருந்தா இன்னும் ஓடும். அதனால வருஷத்தைப் பார்த்து வாங்கறதைவிட வளர்த்தவனைப் பார்த்து வாங்கணும்.

"ஃபோர் வீல் டிரைவ்"ன்னா நாலும் இழுக்குமா?

சீட்டுக்குப் பக்கத்துல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா மட்டும் போதாது. பழைய ஹோண்டா 300 (1988-ல இருந்து 2000 வரைக்கும் வந்தது) மாதிரி சில வண்டியில நாலு சக்கரமும் எப்பவுமே இழுக்கும். ஸ்டீயரிங் கனமா இருக்கும், ஆனா சுவிட்சு கெட்டுப்போற பிரச்சினை இல்லை. இன்னும் சில வண்டியில பட்டன் போட்டா முன் சக்கரம் சேரும். போலாரிஸ்ல பட்டன் போட்டதுக்கப்புறமும் பின் சக்கரம் வழுக்கினாத்தான் முன் சக்கரம் பிடிக்கும்.

இதுல இன்னொரு சூட்சுமம். பல வண்டியில பின் அச்சு ரெண்டு சக்கரத்தையும் சேர்த்தே சுத்தும், ஆனா முன்னாடி டிஃபரென்ஷியலுக்கு லாக் கிடையாது. முன் சக்கரத்துல ஒண்ணு அந்தரத்துல சுத்த ஆரம்பிச்சா சக்தியெல்லாம் அங்கேயே போயிடும். கணக்குப் பார்த்தா அது மூணு வீல் டிரைவ்தான்! சதுப்புக்குப் போறவங்க முன் லாக் இருக்கான்னு கேட்டுக்கணும்.

சோதிக்கிறது எப்படி? தார் ரோட்டுல ஓட்டிப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஈரப் புல்லுக்கோ, சரளைக்கோ கொண்டு போங்க. முன் சக்கரத்தை ஒரு தடிமனான மரக்கட்டை மேல முட்டி நிறுத்தி மெதுவா ஏத்துங்க. பின் சக்கரம் மட்டும் சுத்தி மண்ணைப் பறிச்சா, முன்னாடி செத்துப் போச்சுன்னு அர்த்தம். ஒரு ஆள் ஓட்ட, இன்னொரு ஆள் தள்ளி பக்கவாட்டுல நின்னு பார்க்கிறது நல்லது.

கண்ணால், கையால், மூக்கால்

போன்லயே சொல்லிடுங்க: "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் முதல்ல இன்ஜின் மேல கை வைங்க. சூடா இருந்தா, நம்மகிட்ட எதையோ மறைக்கப் பார்த்திருக்காங்கன்னு சந்தேகப்படலாம். பூஜ்யத்துக்குக் கீழ குளிர்ற விடியக்காலைல கிளம்ப வேண்டிய வண்டி, ஆறிப்போய் இருந்து ஸ்டார்ட் ஆகணும். நீலப் புகை தொடர்ந்து வந்தா ஆயில் எரியுது.

அடுத்து சீட்டைக் கழட்டி ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்க. ஃபில்டர் அழுக்கா இருந்தா பரவாயில்லை, அழுக்கைப் பிடிக்கத்தான் அது. ஃபில்டருக்கு அந்தப் பக்கம், இன்ஜினுக்குப் போற குழாய்ல மண் இருந்தா மரியாதையா ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுங்க. அந்த இன்ஜின் மண்ணைத் தின்னிருக்கு.

ஆயில் பாலு கலந்த டீ மாதிரி இருந்தா தண்ணி புகுந்திருக்கு. இன்ஜினுக்கு எல்லாரும் பார்ப்பாங்க. முன், பின் டிஃபரென்ஷியல் மூடியையும் கழட்டி விரலை விட்டுப் பாருங்க. வண்டி எப்பவாவது முங்கியிருந்தா அங்கதான் சாட்சி இருக்கும்.

சக்கரத்துக்கு உள்பக்கம் அக்கார்டியன் பெட்டி மாதிரி மடிப்பு மடிப்பா ரப்பர் உறை இருக்கும். சி.வி. பூட். அது கிழிஞ்சிருந்தா உள்ள மண் போயிருக்கும். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு ஓட்டும்போது டக் டக்குனு சத்தம் வந்தா ஜாயிண்ட் போச்சு. முன்பக்கத்தை ஜாக்கி வச்சுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமா பிடிச்சு ஆட்டுங்க. ஆடினா பேரிங்கோ பால் ஜாயிண்டோ. இடம் வலமா ஆடினா டை ராடு.

பெல்ட்ல ஓடுற ஆட்டோமேட்டிக்னா, நம்ம ஊர் ஸ்கூட்டர்ல இருக்கிற அதே வேரியேட்டர் தத்துவம்தான். கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுத்தாலோ, ரப்பர் கருகின வாசனை வந்தாலோ பெல்ட் தேஞ்சிருக்கு. உள்ள தண்ணி போனா வழுக்கவும் செய்யும். பெல்ட்டு ஒண்ணை ஸ்பேரா வண்டியிலயே வச்சுக்கிறது புத்திசாலித்தனம். கியர் வச்ச வண்டியில இந்தத் தொல்லை இல்லை. நாலு டயரும் ஒழுங்கான ஜோடியா இருக்கான்னும் பாருங்க. கண்ட சைஸ்ல மாட்டியிருந்தா முன் பின் சக்கரங்கள் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும்.

பனி தள்ளின வண்டி

நம்ம ஊர்ல பழைய காரை விக்கும்போது "டாக்டர் ஓட்டின வண்டி"ம்பாங்க. இங்க "வேட்டைக்கு மட்டும்தான் எடுத்தோம்"பாங்க. எங்க ஏரியாவுல சராசரியா ஒரு சீசனுக்கு 500 சென்டிமீட்டர் பனி கொட்டும். ஃபோர் வீலர் வச்சிருக்கிறவர் முன்னாடி பிளேடு மாட்டி வாசல்ல பனி தள்ளாம இருப்பாரா? தள்ளினது குத்தமில்லை. ஆனா முன்னே இடிச்சு, பின்னே எடுத்து, மறுபடி இடிச்சு, பல வருஷம் ஓடின வண்டிக்கு முன் சஸ்பென்ஷனும் ரிவர்ஸ் கியரும் கிளட்ச்சும்தான் முதல்ல அடிவாங்கும். அடியில படுத்துப் பாருங்க. பிளேடு மாட்டின தடம், சட்டத்துல விரிசல், புதுசா வெல்டிங் வச்சு பெயிண்ட் அடிச்ச இடம் எல்லாம் தெரியும்.

மைல் மீட்டரை மட்டும் பார்க்காதீங்க. மணி நேரக் கணக்கும் இருந்தா வகுத்துப் பாருங்க. 2,000 மைல், 600 மணி நேரம்னா சராசரி மணிக்கு மூணு மைல் சொச்சம். இன்ஜின் மைலைவிட ரொம்ப அதிகமா உழைச்சிருக்குன்னு அர்த்தம்.

நாங்க பார்த்தது மூணு வண்டி. முதலாவது பளபளன்னு பெரிய இன்ஜின், காத்துக்குழாயை ஹேண்டில்பார் உயரத்துக்குத் தூக்கி விட்டிருந்தாங்க. அதுவே எதுல ஓடியிருக்குன்னு சொல்லிடுச்சு. டிஃபரென்ஷியல் ஆயில் காபி கலர். ரெண்டாவது ஓட்ட நல்லாத்தான் இருந்தது, ஆனா முன் கை பொருத்துற இடத்துல வெல்டிங். மூணாவது பிளாஸ்டிக் எல்லாம் வெயில்ல வெளுத்துப்போன 2005 ஹோண்டா ரான்சர் 350. ஆறின இன்ஜின், ரெண்டாவது தடவையிலேயே ஸ்டார்ட் ஆச்சு. ஆயில் மாத்தின தேதியெல்லாம் பென்சில்ல எழுதி சீட்டுக்கு அடியில ஒட்டி வச்சிருந்தார் ஓனர். 2,400 டாலருக்கு முடிஞ்சது. மிச்சம் 600 டாலர் டயர், பேட்டரி, ஹெல்மெட்டுக்கு. பட்ஜெட்டுல அஞ்சுல ஒரு பங்கை இப்படித் தனியா வைக்காம பழைய வண்டி வாங்கப் போகாதீங்க.

பேப்பர் விஷயம்: மிச்சிகன்ல இந்த வண்டிக்கும் டைட்டில் உண்டு. சட்டத்துல அடிச்சிருக்கிற நம்பரும் பேப்பர்ல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பார்த்துட்டுத்தான் காசைக் கொடுக்கணும். அப்புறம் வருஷா வருஷம் லைசென்ஸ் ஸ்டிக்கர்.

மானை எங்க வைக்கிறது?

இதுதான் எல்லாரும் மறக்கிற கேள்வி. அந்த ரான்சரோட பின் கேரியர்ல 60 கிலோதான் வைக்கலாம். மானோ 70. கட்டிட்டா வண்டி இழுக்கத்தான் செய்யும். ஆனா மேட்டுல ஏறும்போது முன்பக்கம் லேசாகி, வண்டி அப்படியே பின்னாடி மல்லாந்து ஓட்டுறவர் மேல விழும். இந்த வண்டியால சாகிறவங்கள்ல பல பேர் இப்படிக் கவிழ்ந்து நசுங்கித்தான். அதனால மானை ஒரு பிளாஸ்டிக் ஸ்லெட்டுல போட்டு, வண்டிக்குப் பின்னால கொக்கியில தாழ்வா கட்டி இழுக்கிறதுதான் நல்லது. இன்னொரு ஆளையும் பின்னாடி ஏத்தக்கூடாது, அது ஒரு ஆள் வண்டி.

போன சனிக்கிழமை உப்பு மூட்டைகளை 70 கிலோ கணக்கா ஸ்லெட்டுல அடுக்கி, லோ கியர்ல தோட்டத்து மேட்டுல ஏத்திப் பார்த்தோம். அலுங்காம ஏறுச்சு. பெரியவர் இறங்கினதும் வீட்டம்மா ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கிட்டு, ஸ்டார்ட் பண்ணி, ஃபோர் வீல் போட்டு, ரிவர்ஸ் எடுத்துன்னு ஒவ்வொண்ணா ரெண்டு தடவை செஞ்சு பார்த்தாங்க. "எதுக்கு?"ன்னு கேட்டேன். "அஞ்சரை மணிக்குள்ள இவர் திரும்பலைன்னா தேடிப் போறது யாரு?"ன்னாங்க. இவர் காட்டுக்குப் போறது பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலயாம். அவர் போன் வந்தாத்தான் ஃபோர் வீலர் வீட்டை விட்டுக் கிளம்பும். மானையும் இழுத்துட்டு வரும், அவசியம்னா அவரையும் கூட்டிட்டு வரும்.

காட்டுக்குள்ள சிக்னல் கிடைக்காத இடம்தான் அதிகம். அதனால மரத்து மேல எந்த இடத்துல உட்காருவார்ங்கிற மேப் இப்போ ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. சாவி ரெண்டு செட். ஒண்ணு அந்தம்மாகிட்ட.

அடுத்த வாரம் வழக்கம் போல சமையல் கூத்துல பார்ப்போம்.